எட்டு வெற்றி பெற்றும் ஒரு வீரர் ஏன் அதே படியில் நிற்கிறார்? சுமோ தரவரிசை பற்றிச் சில கேள்விகள்

தொடுவானம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஈராண்டுகளாக ஜப்பானின் பெருஞ்சுமோ மல்யுத்தத் தொடர்களைத் தவறாமல் பார்த்து வருகிறேன். ஆட்டத்தின் விதி முதல் நாளிலேயே விளங்கிவிட்டது: வட்டத்துக்கு வெளியே உடம்பின் எந்தப் பகுதி பட்டாலும் தோல்வி, வட்டத்துக்குள் உள்ளங்காலைத் தவிர வேறெது மண்ணில் பட்டாலும் தோல்வி. ஆனால் பன்சுகே எனப்படும் தரவரிசைப் பட்டியல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு தொடருக்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக அது வெளியாகும். அதற்கு முன்பே, முந்தைய தொடரின் முடிவுகளை வைத்து நானே ஒரு பட்டியலைத் தயாரித்துப் பார்ப்பேன். ஒரு முறைகூட அது முழுமையாகப் பொருந்தியதில்லை.

என் ஐயங்கள் மூன்று. ஒன்று, 15 நாள்களில் 8 ஆட்டங்களை வென்ற கொமுசுபி (மேலிருந்து நான்காம் படி) ஒருவர் அடுத்த தொடரிலும் கொமுசுபியாகவே இருக்கிறார். அதே 8 வெற்றியுடன் அவருக்கு அடுத்த கீழ்ப்படியான மாயெகாஷிராவில் இருந்த ஒருவர் மேலே நகர்ந்திருக்கிறார். இதற்கு ஏதேனும் கணக்கு உண்டா? இரண்டு, மேலிருந்து இரண்டாம் படியான ஓசெகியில் இருப்பவர் அடுத்தடுத்து இருமுறை சறுக்கினால் இறக்கப்படுகிறார், ஆனால் அவருக்கும் மேலே இருக்கும் யோகோசுனா எத்தனை தொடர்களில் தோற்றாலும் இறக்கப்படுவதில்லை. இது எப்படி நியாயமாகும்? மூன்று, சில நொடிகளில் முடிந்துவிடும் ஆட்டத்துக்கு முன்னால் நான்கு நிமிடம் உப்பை வீசியும் காலைத் தூக்கி மிதித்தும் நடக்கும் சடங்குகளுக்கும் இந்தத் தரவரிசைக்கும் தொடர்பு ஏதும் உண்டா?

விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மகிழ்வேன்.

வெண்மணல் எழுதியது:

உங்கள் பட்டியல் பொருந்தாததற்காக வருந்த வேண்டாம். பல ஆண்டுகளாக நானும் அப்படிப் பட்டியல் போடுகிறவன்தான்; எனக்கும் முழுமையாகப் பொருந்தியதில்லை. பன்சுகே புள்ளிகளைக் கூட்டிப் பெறும் விடை என்று நீங்கள் கருதுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. தொடர் ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் அடுத்த புதன்கிழமை, தீர்ப்பாளர்களாக இருக்கும் முன்னாள் வீரர்கள் ஒன்றுகூடி, மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவரை அமர்த்துகிறார்கள். மேடைமேல் நின்று ஆட்டத்தை நடத்தும் நடுவர்கள் எழுத்தராக அங்கே அமர்ந்திருப்பார்கள். ஆனால் கருத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஓசெகி, யோகோசுனா பதவி உயர்வுகளும் மேலிருந்து இரண்டாம் பிரிவான ஜூரியோவுக்குள் புதிதாக நுழைவோரின் பெயர்களும் அன்றே அறிவிக்கப்படும். மற்றவை எல்லாம் பட்டியல் வெளியாகும் நாள் வரை மறைத்து வைக்கப்படும்.

அடிப்படை விதி மிக எளிது. 15 ஆட்டங்களில் 8 அல்லது அதற்கு மேல் வென்றால் அது கச்சிகோஷி, அதாவது வெற்றிக் கணக்கு. 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் மகேகோஷி. முதலாமவர் ஏற வேண்டும், இரண்டாமவர் இறங்க வேண்டும். எவ்வளவு ஏறுவது, எவ்வளவு இறங்குவது என்பதைப் பக்கத்து இடங்களில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தீர்மானிக்கிறது. மேலே இடம் காலியானால்தான் ஒருவர் ஏற முடியும். கொமுசுபிக்கு மேலே செகிவாகே. கிழக்குக்கு ஒருவர், மேற்குக்கு ஒருவர் என்று வழக்கமாக இரண்டே இடங்கள். அந்த இருவரும் 8 ஆட்டங்களை வென்றிருந்தால் அவர்களை இறக்க வழியில்லை. அவர்களை ஓசெகியாக உயர்த்தவும் 8 வெற்றி போதாது. மூன்று தொடர்களில் சேர்த்து ஏறத்தாழ 33 வெற்றி என்பது எழுதப்படாத அளவுகோல். ஆக, 8 வெற்றி பெற்ற கொமுசுபி கதவுக்கு வெளியே காத்திருக்கிறார். 11 ஆட்டங்களை வென்றிருந்தால் அவருக்காகக் கூடுதலாக ஓர் இடத்தையே உண்டாக்கியிருக்கக்கூடும். மாயெகாஷிரா வரிசையில் இந்த நெருக்கடி குறைவு. இறங்குபவர்கள் நிறையப் பேர் இருப்பதால் 8 வெற்றிக்கும் ஏதாவது கிடைத்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கிழக்கு, மேற்கு என இரண்டு இடங்கள் உண்டு. கிழக்கு அரைப் படி உயர்வு. மேற்கு மாயெகாஷிரா 1 ஆக இருந்தவர் 8 வெற்றியுடன் கிழக்கு மாயெகாஷிரா 1 ஆனால், எண் மாறாவிட்டாலும் அவர் ஏறித்தான் இருக்கிறார். நீங்கள் எண்ணை மட்டும் பார்த்திருக்கலாம். இந்த ஏற்ற இறக்கங்களில் அமையும் நல்லூழையும் தீயூழையும் குறிக்க ஜப்பானியர்கள் 'பன்சுகே உன்', அதாவது பட்டியல் யோகம், என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கணக்கு மட்டுமே ஆண்டிருந்தால் அப்படி ஒரு சொல்லுக்குத் தேவையே இருந்திருக்காது.

மொத்த அமைப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவுகள் ஆறு. உச்சியில் மகுவுச்சி, 42 பேர். அதற்குள்தான் யோகோசுனா, ஓசெகி, செகிவாகே, கொமுசுபி, மாயெகாஷிரா ஆகிய படிகள் அடங்கும். அதன் கீழே ஜூரியோ, 28 பேர். பிறகு மகுஷிதா, 120 பேர். அதற்கும் கீழே சாண்டன்மே, ஜோனிடான், ஜோனோகுச்சி. அத்தனை பெயர்களையும் நடுவர் ஒருவர் தூரிகையால் ஒரே தாளில் எழுதுகிறார். அதைச் சுருக்கி அச்சிடுகிறார்கள். யோகோசுனாவின் பெயர் தடித்துப் பருத்து நிற்கும். கீழே போகப் போக எழுத்து மெலிந்துகொண்டே வரும். கடைசிப் பிரிவில் இருப்போரை 'உருப்பெருக்கிக் கண்ணாடி' என்றே செல்லமாக அழைப்பார்கள், ஏனெனில் அது இல்லாமல் அவர்கள் பெயரைப் படிக்க முடியாது. ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது அவர் பெயரின் பருமனிலேயே தெரியும்படி அமைந்த இந்தத் தாளை நான் எப்போது விரித்தாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யோகோசுனாவைப் பொறுத்தவரை, பழங்காலந்தொட்டு அதுவே உச்சப் படி என்பதால் இறக்கம் இல்லை என்று நினைக்கிறேன். வேறு யாரேனும் விரிவாகச் சொல்லலாம்.

கார்முகில் எழுதியது:

வெண்மணல் அவர்களின் விளக்கம் மிகத் தெளிவு. கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. அந்தத் திருத்தத்துக்குள்ளேயே இரண்டாம் கேள்விக்கான விடையும் இருக்கிறது. யோகோசுனா தொடக்கத்தில் ஒரு படியே அன்று. பட்டியலின் உச்சி ஓசெகிதான். 1789ஆம் ஆண்டில் தானிகாசே, ஓனோகாவா என்னும் இரு பெருவீரர்களுக்கு, இடுப்பில் வெண்கயிறு கட்டித் தனியாக மேடையேறிச் சடங்கு செய்யும் உரிமையைச் சுமோ நடுவர் மரபில் வந்த யோஷிதா குடும்பம் வழங்கியது. ஷிந்தோ ஆலயங்களில் புனித எல்லையைக் குறிக்கக் கட்டும் கயிற்றைப் போன்றது அது. வெள்ளைத் தாள்கள் மடிந்து தொங்கும். யோகோசுனா என்ற சொல்லும் அந்தக் கயிற்றையே குறிக்கிறது. 1890இல்தான் அந்தச் சொல் முதன்முதலாகப் பன்சுகேயில் அச்சாகியது. 1909இல்தான் அது அதிகாரபூர்வமான உயர்ந்த படியாயிற்று. எனவே ஓசெகி ஒரு பதவி, யோகோசுனா ஒரு பேறு. பதவியிலிருந்து ஒருவரை இறக்கலாம். வழங்கிய பேற்றைத் தோல்வியைக் காட்டித் திரும்பப் பெறுவது அந்த மரபுக்கு ஒவ்வாது.

இதை மாற்ற ஒரு முயற்சியும் நடந்தது. 1950 ஜனவரித் தொடரில் மூன்று யோகோசுனாக்கள் நடுவிலேயே விலகியதால் கடுமையான கண்டனம் எழுந்தது. யோகோசுனாவையும் இறக்கலாம் என்ற திட்டத்தைச் சுமோ சங்கம் அப்போது முன்வைத்தது. மரபைக் காக்க விரும்பியோர் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, தகுதி இல்லாதவர் உள்ளே வராமல் வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று, சங்கத்துக்கு வெளியே உள்ள அறிஞர்களைக் கொண்ட யோகோசுனா ஆய்வுக் குழு அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. ஓசெகியாக அடுத்தடுத்து இரண்டு தொடர்களில் வாகை சூட வேண்டும், அல்லது அதற்கு ஒப்பாக ஆடியிருக்க வேண்டும். அதோடு ஹின்காகு எனப்படும் மாண்பும் வேண்டும். இந்த 'ஒப்பாக' என்ற சொல் ஒரு முறை பெரும் சிக்கலை உண்டாக்கியது. ஒரு வாகைகூடச் சூடாத புதஹகுரோ 1986இல் யோகோசுனா ஆக்கப்பட்டார்; 1987இன் இறுதியில் தன் பயிற்சிக்கூடத் தலைவருடன் மூண்ட பூசலால் வாகை ஏதுமின்றியே சுமோவை விட்டு வெளியேறினார். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தச் சொல்லுக்குக் குழு இடமே கொடுக்கவில்லை.

'இறக்கம் இல்லை' என்பதைச் சலுகையாகப் பார்க்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓசெகிக்கு ஒரு மகேகோஷி வந்தால் கதோபன் என்ற எச்சரிக்கை நிலை. அடுத்ததும் போனால் செகிவாகே. அங்கே உடனே 10 வெற்றி பெற்றால் மீண்டும் ஓசெகி. கீழே விழுந்தாலும் எழுந்து வர அவருக்குப் படிக்கட்டு இருக்கிறது. யோகோசுனாவுக்குக் கீழே படியே இல்லை. அந்த உயரத்துக்குரிய ஆட்டம் கைவிட்டுப் போனால் அவர் செய்யக்கூடியது ஓய்வு பெறுவது மட்டுமே.

2017 மார்ச் ஒசாகா தொடரின் கடைசி நாளை நினைத்துப் பாருங்கள். யோகோசுனாவாகத் தன் முதல் தொடரை ஆடிய கிசெனோசாதோ, 13ஆம் நாளில் இடப்பக்க மார்பிலும் தோளருகிலும் காயம்பட்டு, கையைத் தூக்கவே முடியாமல் மேடையேறினார். எதிரே ஓசெகி தெருனோபுஜி. முதல் ஆட்டத்திலும், அதன் பின் வாகைக்காக நடந்த கூடுதல் ஆட்டத்திலும் கிசெனோசாதோவே வென்றார். ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. அதன் பிறகு அடுத்தடுத்து எட்டுத் தொடர்களை முழுமையாகவோ பகுதியாகவோ அவர் ஆடவில்லை; 2019 ஜனவரியில் அடுத்தடுத்து மூன்று தோல்விகளுக்குப் பின் ஓய்வு பெற்றார். அவர் ஓசெகியாக இருந்திருந்தால் கீழே இறங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு, மறுபடி ஏறியிருக்கலாம் என்று இன்றும் நான் வருந்துவதுண்டு.

நெடுவழி எழுதியது:

கார்முகில் அவர்கள் சொன்ன அதே நாளில் தோற்ற தெருனோபுஜியின் கதையைச் சேர்க்காவிட்டால் இது பாதிதான். முழங்கால் காயங்களால் 2017ஆம் ஆண்டுக்குள்ளேயே ஓசெகி நிலையை இழந்த அவர், அறுவை சிகிச்சைகளோடும் நோயோடும் போராடி, 2019 மார்ச்சில் ஜோனிடான் வரை, அதாவது கீழிருந்து இரண்டாம் பிரிவு வரை, இறங்கினார். முன்னாள் ஓசெகி ஒருவர் அவ்வளவு கீழே போய் ஆடியது அதுவே முதல் முறை. விலகிவிடுகிறேன் என்று தன் பயிற்சிக்கூடத் தலைவரிடம் அவர் பலமுறை கேட்டும் தலைவர் இசையவில்லை. 2020 ஜூலையில் மகுவுச்சிக்குத் திரும்பிய முதல் தொடரிலேயே, மாயெகாஷிரா 17 என்ற கடைக்கோடி இடத்திலிருந்து வாகை சூடினார். 2021இல் ஓசெகி, அதே ஆண்டில் 73ஆம் யோகோசுனா. இறங்க முடிந்ததால்தான் அவர் ஏறினார் என்பது என் கருத்தும்கூட.

ஆனால் அந்த இறக்கம் என்ன விலை கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சுமோவில் படி என்பது வாழ்க்கை முறையையே குறிக்கிறது. மகுவுச்சியிலும் ஜூரியோவிலும் இருக்கும் 70 பேர் மட்டுமே செகிதோரி. அவர்களுக்குத்தான் மாதச் சம்பளம்: 2019 முதல் ஜூரியோவுக்கு 11 லட்சம் யென், மாயெகாஷிராவுக்கு 14 லட்சம், யோகோசுனாவுக்கு 30 லட்சம். ஒரே ஒரு படி கீழே மகுஷிதாவின் முதல் இடத்தில் இருப்பவருக்குச் சம்பளமே கிடையாது. தொடருக்குத் தொடர் ஒரு சிறு படித்தொகை, பயிற்சிக்கூடத்தில் உணவு, உறைவிடம், அவ்வளவுதான். செகிதோரிக்குத் தனி அறை, வண்ணப் பட்டு இடைக்கச்சை, கிங்கோ இலை வடிவில் விரித்துக் கட்டிய கொண்டை, பணிவிடைக்கு இளம் வீரர்கள். அந்த இளம் வீரர்கள் கருப்புப் பருத்திக் கச்சையுடன் மகுஷிதாவிலும் அதற்குக் கீழும் ஆடுபவர்கள். ஜோனிடானிலும் ஜோனோகுச்சியிலும் இருப்போர் நடுங்கும் குளிரிலும் யுகாதா என்னும் மெல்லிய பருத்தி அங்கியும் மரச்செருப்புமாகத்தான் வெளியே செல்ல வேண்டும். ஆடையைப் பார்த்தே ஒருவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று தெருவில் செல்வோர் சொல்லிவிடலாம்.

கீழ்ப் பிரிவுகளில் 15 நாளில் 7 ஆட்டங்கள்தான். 4 வென்றால் கச்சிகோஷி. ஒரே கணக்கில் இருப்பவர்களை எதிரெதிரே நிறுத்துவதால் ஏழையும் வெல்வது மிக அரிது. மகுஷிதாவின் முதல் 15 படிகளுக்குள் இருந்து ஏழையும் வென்றால் ஜூரியோ உறுதி என்பது வழக்கம். மகுஷிதா ஆட்டங்களைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அரங்கில் இருக்கைகள் அந்நேரம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். என் அனுபவத்தில் சுமோவின் கூர்மையான ஆட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன, ஏனெனில் 4–3க்கும் 3–4க்கும் நடுவே சில நேரம் ஒருவருடைய பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கிறது.

காயத்தால் ஆடாமல் இருந்தாலும் அது தோல்வியாகவே எண்ணப்படும். மேடையில் காயம்பட்டவருக்கு ஒரு தொடர் வரை தரவரிசைப் பாதுகாப்பு அளிக்கும் முறை 1972இல் வந்தது. அதைப் பயன்படுத்துவோர் மிகுந்துவிட்டதால் 2003இன் முடிவில் நீக்கப்பட்டது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். குணமாகாத முழங்காலுடன் மேடையேறுவோரைப் பார்க்கும்போது, இந்தப் பட்டியலின் கடுமையைப் புகழ எனக்கு மனம் வருவதில்லை.

தொடுவானம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வீரர்களையும் ஒன்றாக வைத்து நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. என் இரண்டாம் கேள்வியை இப்போது வேறு விதமாகத்தான் கேட்பேன். மூன்றாவது கேள்வி மட்டும் நிற்கிறது. அதோடு சேர்த்து இன்னொன்று: 2023 ஜனவரிப் பட்டியலில் தெருனோபுஜியின் பெயருக்கு மேல் 'யோகோசுனா ஓசெகி' என்று இருந்ததைப் பார்த்தேன். அது அச்சுப் பிழையா?

குறிஞ்சித்தேன் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு நான் முயல்கிறேன். சடங்குக்கும் தரவரிசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உப்பு வீசும் உரிமை பொதுவாக ஜூரியோவிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கே. கீழ்ப் பிரிவினர் நேரம் மிஞ்சினால் மட்டும் வீசுவதுண்டு. ஆட்டத்துக்கு முந்தைய ஆயத்த நேரமும் அப்படித்தான்: மகுவுச்சிக்கு 4 நிமிடம், ஜூரியோவுக்கு 3, மற்றவர்களுக்கு 2. பழைய நாளில் இதற்கு எல்லையே கிடையாது. இருவரும் மனம் ஒத்து எழும்வரை காத்திருப்பார்கள். 1928இல் வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோதுதான் நேர வரம்பு வந்தது. நடுவர்களின் காலைப் பாருங்கள்: மகுஷிதாவிலும் கீழேயும் வெறுங்கால், ஜூரியோவில் வெள்ளைக் காலுறை, உயர்நிலையினருக்கு அதன்மேல் மிதியடி. தலைமை நடுவர் இடுப்பில் ஒரு குறுங்கத்தியைச் செருகியிருப்பார். தவறான தீர்ப்புக்கு உயிரையே ஈடாகத் தருவேன் என்பது அதன் பொருள். இன்று அத்தகைய தவறு நேர்ந்தால் பதவி விலகல் குறித்துச் சங்கத் தலைவரைக் கேட்டு நிற்பார்.

மேடையும் அதே கவனத்துடன் அமைக்கப்படுகிறது. 1931 முதல் வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர். தொடருக்கு முதல் நாள் மேடையின் நடுவே உப்பு, அரிசி, உலர்ந்த கணவாய், கடற்பாசி, செஸ்ட்நட், கயா கொட்டை ஆகிய ஆறும் புதைக்கப்படுகின்றன. வட்டத்தைச் சுற்றிப் பதிந்த வைக்கோல் பொதிகளில் நான்கு மட்டும் ஒரு பொதி அளவுக்கு வெளியே தள்ளி இருக்கும். திறந்தவெளியில் ஆடிய காலத்தில் மழைநீர் வடிய விட்ட வழி அது. விளிம்புக்கு வந்த வீரர் ஒருவர் அந்தச் சிறு இடைவெளியில் குதிகாலை ஊன்றித் தப்புவதைக் கண்டிருப்பீர்கள். வெளிப்புறம் பரப்பிய மெல்லிய மணலை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் பெருக்குவது, காலடி பதிந்ததா என்று தீர்ப்பாளர்கள் பார்ப்பதற்காக. அந்தக் கண்களும் தவறியதுண்டு. 1969 மார்ச்சில் யோகோசுனா தாய்ஹோ அடுத்தடுத்துப் பெற்றுவந்த 45 வெற்றிகளின் வரிசை முறிந்தது. வென்றவர் இவரே என்று நடுவர் தாய்ஹோவின் பக்கம் விசிறியைக் காட்டியும் தீர்ப்பாளர்கள் அதை மாற்றினார்கள். எதிராளியின் கால் முன்னதாகவே வெளியே பட்டிருந்ததை மறுநாள் ஒளிப்படங்கள் காட்டின. அடுத்த தொடரிலிருந்தே காணொளியைப் பார்த்துத் தீர்ப்பை உறுதி செய்யும் முறை வந்தது. மரபு அதிகம் பேசப்படும் ஒரு விளையாட்டில் மாற்றம் இவ்வளவு விரைவாக வந்தது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

அதே விரைவு எல்லாவற்றிலும் இல்லை என்பதையும் ஒரு பெண்ணாகச் சொல்லியாக வேண்டும். பெண்கள் அந்த மேடையில் கால் வைக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் மேடைமேல் பேசிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி விழுந்தபோது, ஓடிச்சென்று முதலுதவி செய்த பெண்களைக் கீழே இறங்குமாறு நடுவர் ஒலிபெருக்கியில் மீண்டும் மீண்டும் சொன்னார். அது தகாத செயல் என்று சங்கம் மன்னிப்புக் கேட்டது. தடை மட்டும் நீங்கவில்லை. வானொலிக்காக நேரத்தையும் நியாயத்துக்காகத் தீர்ப்பு முறையையும் மாற்றிக்கொண்ட சங்கத்துக்கு இதையும் மாற்றும் வலிமை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கார்முகில் எழுதியது:

'யோகோசுனா ஓசெகி' அச்சுப் பிழை இல்லை. நான் மேலே எழுதிய வரலாற்றின் மிச்சம் அது. பட்டியலில் யோகோசுனா ஒருவரும் இல்லாமல் போகலாம். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் ஓசெகி என்ற சொல் இருந்தே ஆக வேண்டும், ஏனெனில் மூலப் பட்டியலின் உச்சி அதுவே. 2023 ஜனவரியில் தகைகெய்ஷோ ஒருவர் மட்டுமே ஓசெகி. காலியான மறுபக்கத்தை நிரப்ப, யோகோசுனாவே ஓசெகியின் பெயரையும் சேர்த்துச் சுமந்தார். 2020 மார்ச்சில் யோகோசுனா ககுர்யூவுக்கும் அவ்வாறே எழுதினார்கள். அந்த 2023 தொடரில் தெருனோபுஜி முழங்கால் சிகிச்சையால் ஒரு நாள்கூட ஆடவில்லை. பட்டியலின் தடித்த எழுத்தில் இரண்டு பதவிகளோடு அவர் பெயர் மட்டும் இருந்தது. வாகையைச் சூடியவர் அந்த ஒற்றை ஓசெகியான தகைகெய்ஷோ.